தூத்துக்குடி அறைக்கு ஏசி: சேலத்து நாட்குறிப்பு

ஏப்ரல் 19

தூத்துக்குடியிலிருந்து தம்பி போன் செய்தான். நுரையீரல் சரியில்லாத அப்பா போய்த் தங்கப்போகும் அறைக்கு வெள்ளையடித்தாச்சாம், கட்டிலும் வந்துவிட்டதாம். ஏசி மட்டும் பாக்கி. "நீ எதைச் சொல்றியோ அதை வாங்கறேன்க்கா" என்றான்.

ஏப்ரல் 20

ஐந்து ரோட்டுப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினேன். வெயிலில் தலை கிறுகிறுத்தது. எல்லாக் கடையிலும் முதலில் காட்டுவது ஸ்டாரைத்தான். "5 ஸ்டார்ங்க, கண்ணை மூடிட்டு எடுங்க." தூத்துக்குடி, மாடியில் நின்றால் உப்பளம் தெரியும் என்றதும், "அதுக்கென்னங்க, ப்ளூ ஃபின் இருக்குதே" என்கிறார்கள். ஏசி காயில் தகடுகளுக்கு அடிக்கும் நீலப் பூச்சுக்குத்தான் அந்தப் பேர். நீலம் வெறும் நிறம். பல மாடல்களில் அந்தப் பூச்சின் வேலை, தண்ணீர் துளித்துளியாக நிற்காமல் வழிந்து ஓடச் செய்வது. அதற்கடியில் உப்பைத் தடுக்கிற எபாக்ஸி அடுக்கு இருக்கிறதா என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு பையன் மட்டும் கம்பெனியில் விசாரித்துச் சொல்கிறேன் என்று நம்பரை வாங்கிக்கொண்டான்.

ஏப்ரல் 23

பெரியம்மா வந்திருந்தார். "ஏற்காட்டுல ஒரு வீடு புடிச்சா ஏசியே வேண்டாமே. கையில மலைய வெச்சிக்கிட்டு கடலுக்கு எதுக்கு ஓடணும்?" அப்பாவும் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். ஆசைதான். ஆனால் ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். கடல் மட்டத்தைவிட அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைவு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி அப்பாவின் நுரையீரலுக்கு அதைக் கொடுக்க முடியாது. டாக்டர் கேட்ட உடனேயே வேண்டாம் என்று சொன்ன ஒரே விஷயம் அதுதான். பெரியம்மாவுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

ஏப்ரல் 24

நம் வீட்டு ஏசிக்கு சர்வீஸ் செய்ய வரும் மெக்கானிக் திருச்செந்தூர்ப் பக்கம் சில வருஷம் வேலை பார்த்தவர். அங்கே கழற்றிய ஒரு கண்டென்சர் காயிலில், அதாவது சூட்டை வெளியே தள்ளும் குழாய்ச் சுருளில், கைப்பிடி அளவு வெட்டி, கருவிப் பையிலேயே போட்டு வைத்திருக்கிறார். வாங்கிப் பார்த்தேன். செம்புக் குழாய் முழுசாக இருக்கிறது, பச்சை மட்டும் பூத்திருக்கிறது. அதைச் சுற்றியிருந்த அலுமினியத் தகடுகள்தான் முழுசாக இல்லை. விரல் பட்டதும் திருநீறு போல வெள்ளையாக உதிர்ந்தன. குழாயைத் தொடும் இடத்தில் முழுக்கத் தின்றுபோய், தள்ளி ஓரத்தில் மட்டும் தகடு மிஞ்சியிருக்கிறது.

"செம்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கிற எடத்துல உப்பு ஈரம் பட்டா அலுமினியம்தாங்க்கா கரையும். தகடு போச்சுன்னா சூட்டை வெளிய தள்ள முடியாது. மோட்டார் ஓடும், கரண்டு ஏறும், ரூமு குளிராது."

கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழை இல்லாத மத்தியானத்தில்கூட அந்தத் தகடு நனைந்துதான் கிடக்கும். இப்போது எனக்கு ஸ்டார் இரண்டாம் பட்சமாகிவிட்டது.

ஏப்ரல் 25

அப்பாவின் ஆக்சிஜன் அளவு ராத்திரி 88. விடியற்காலை 92.

ஏப்ரல் 28

இரண்டாம் பட்சம் என்று எழுதிவிட்டேன், கரண்டு பில் விடமாட்டேன் என்கிறது. ஆக்சிஜன் மெஷின் 350 வாட். இரவு பகல் ஓடினால் நாளைக்கு 8 யூனிட்டுக்கு மேல். இரண்டு மாத பில்லில் அது ஒன்றே 500 யூனிட்டைத் தொட்டுவிடும். 500 தாண்டினால் கட்டண வரிசையே மாறிவிடும். ஏசிக்கு முன்பே அந்தக் கோட்டில் நிற்கிறோம்.

லேபிளில் போட்டிருக்கும் யூனிட் கணக்கு வருஷத்துக்கு 1,600 மணி நேரத்துக்கு. 24 முதல் 43 டிகிரி வரை வெளி வெப்பத்தைப் பிரித்துப் பிரித்துக் கணக்கிடுகிறார்கள். அப்பாவுக்கு நாளைக்கு 18 மணி நேரம் ஓடினால் மூன்றே மாதத்தில் 1,600 முடிந்துவிடும். ஐசீர் என்பது இழுக்கும் கரண்டுக்கு எவ்வளவு குளிர் தருகிறது என்ற அளவு. அது 3.8 உள்ள மெஷினைவிட 5 உள்ளது கால்வாசி கரண்டு குறைவாக இழுக்கும். சின்னத் தொகை இல்லை. ஆனால் இந்த 5 எல்லாம் சுத்தமான காயிலுக்கு. உப்பு அடைத்த காயிலுக்கு யார் ஸ்டார் கொடுத்தார்கள்?

லேபிளில் எந்த வருஷம் என்றும் பார்க்க வேண்டும். 2018லும் 2022லும் அளவுகோலை இறுக்கினார்கள். பழைய 5 ஸ்டார் ஸ்டாக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

மே 1

தம்பிக்கு ஒன்றரை டன் வேண்டுமாம். "பெருசா இருந்தா சீக்கிரம் குளிரும்லக்கா." பத்துக்குப் பதினொன்று அறை, கீழ்த்தளம், மேலே இன்னொரு மாடி. ஒரு டன் போதும். கடலோரத்தில் சூட்டைவிட ஈரம்தான் பாடு. அளவுக்கு மீறிய மெஷின் மளமளவென்று குளிர்வித்துவிட்டு அடங்கிவிடும், ஈரத்தைப் பிழிய நேரம் இருக்காது. அறை சில்லென்றும் பிசுபிசுப்பாகவும் கிடக்கும். அப்பாவுக்கு அது ஆகவே ஆகாது. 26, 27 டிகிரியில் மெதுவாக, விடாமல் ஓடி, கூடவே ஃபேனும் சுற்ற வேண்டும். ஆக்சிஜன் மெஷின் விடும் சூட்டையும் சேர்த்துக்கொண்டேன். ஒரு டன் என்பது 3.5 கிலோவாட், அதில் இது பத்தில் ஒரு பங்கு. தாங்கும்.

அரை மணி நேரம் வாதாடி ஒப்புக்கொள்ள வைத்தேன்.

மே 4

அக்னி ஆரம்பம். அப்பா இன்று நன்றாகப் பேசினார். உருக்காலையில் 1981ல் உருளை ஓட ஆரம்பித்த காலத்து ஆள், ஸ்டெயின்லெஸ் தகடு என்றால் முகமே மாறிவிடும். அவுட்டோரை, அதாவது ஏசியின் வெளிப்பெட்டியை, மாட்டும் பிராக்கெட் பற்றிக் கேட்டேன்.

"பெயின்ட் அடிச்ச ஆங்கிள் வேண்டாம் கண்ணு. துத்தநாகத்துல முக்கி எடுத்ததா வாங்கு. போல்ட்டு 304 ஸ்டெயின்லெஸ் போட்டா அங்க புள்ளி புள்ளியா துரு பூக்கும். 316 வாங்கு. அதுல மாலிப்டினம் ரெண்டு, மூணு சதவீதம் இருக்குது, குளோரைடு குழி பறிக்கறத அதுதான் தடுக்கும்." மூச்சு வாங்கி நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே, "நடுவுல நைலான் வாஷர் போடச் சொல்லு. ரெண்டு உலோகம் நேரா தொடக்கூடாது."

மாஸ்க்கைக் கழற்றிக் கழற்றிப் பேசினார். நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மே 7

அவுட்டோர் எங்கே? இதே யோசனைதான் நாள் முழுக்க. கிழக்குச் சுவர் கொண்டல் காற்றை நேராக வாங்கும், கூடாது. மேற்குச் சுவரில் வீட்டு மறைவு உண்டு, ஆனால் ஆனி, ஆடியில் மேல்காற்று புழுதியோடு அடிக்கும். தெற்கே மாடிப்படிக்கு அடியில் வைக்கலாம் என்கிறான் தம்பி. வெயில் படாது, மழையும் படாது. அந்த மழை படாததுதான் எனக்குப் பயம். மழை கழுவாத மூலையில் உப்பு படிந்துகொண்டேதான் போகும்.

மே 8

மேற்கு. சன்ஷேடு வேண்டாம், மழை படட்டும். கைக்கெட்டும் உயரத்தில் மாட்ட வேண்டும், பக்கத்தில் ஒரு குழாய். மாசம் ஒரு முறை தகட்டை வளைக்காத அளவுக்கு மெதுவாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். போர் தண்ணீரால் கழுவவே கூடாது, உப்பளத்துப் பக்கத்துப் போர், அது உப்பை உப்பால் கழுவுகிற வேலை. வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீரில் ரெண்டு பக்கெட் இதற்கென்று ஒதுக்கச் சொன்னேன். தம்பி சிரித்தான். எனக்குக் கோபம் வந்தது. குடிக்கிற தண்ணீர் என்று தெரியாமலா சொல்கிறேன்? அந்த அறை குளிரவில்லை என்றால் அங்கே படுத்திருக்கப் போவது யார்?

மே 9

உம் கொட்டிவிட்டு போனை வைத்துவிட்டேன் நேற்று. காலையில் அவனே கூப்பிட்டான். குழாய் போட ஆள் சொல்லிவிட்டானாம்.

மே 11

வாரன்டி அட்டையின் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். கம்ப்ரஸருக்கு 10 வருஷம் என்று முன்பக்கம் கொட்டை எழுத்து. பின்னால் பொடி எழுத்தில், உப்புக் காற்றால் அரிப்பு ஏற்பட்டால் பொறுப்பில்லை. இன்னொரு கம்பெனி அட்டையிலும் அப்படியே.

கம்ப்ரஸர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் போர்டும் உறுத்துகிறது. அது அவுட்டோருக்குள்தான் இருக்கிறது. உப்பு ஈரம் போனாலும் பல்லி போனாலும் போர்டு காலி. "போர்டு தொல்லையே வேண்டாம், இன்வெர்ட்டர் இல்லாத ஏசியா போட்டுட்டு நிம்மதியா இருங்க்கா" என்கிறார் மெக்கானிக். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ராத்திரி முழுக்க கம்ப்ரஸர் நின்று நின்று கிளம்பும், ஈரமும் ஏறி ஏறி இறங்கும். அப்பா தூங்குவதே துண்டு துண்டாகத்தான். இன்வெர்ட்டர்தான், ஆனால் போர்டு மூடிய பெட்டிக்குள், மேலே பூச்சோடு இருக்க வேண்டும்.

மே 13

பயணம் தள்ளிப்போகிறது. இன்னொரு ஸ்கேன்.

மே 16

நம்பர் வாங்கிய பையன் கூப்பிட்டான், மறக்கவில்லை. கம்பெனித் தாளை அனுப்பியிருக்கிறான். இப்போது கையில் இரண்டு மாடல். ஒன்று 5 ஸ்டார், அவுட்டோர் காயிலில் மட்டும் பூச்சு. இன்னொன்று 4 ஸ்டார், இரண்டு காயிலிலும் எபாக்ஸி, மூடிய போர்டு. குளிர்விக்கும் கேஸ் இரண்டிலும் ஆர்-32தான். உப்புத் தெளிப்புச் சோதனையில் இத்தனை மணி நேரம் தாங்கியது என்று இரண்டு தாளிலும் போட்டிருக்கிறார்கள். ஒரே சோதனையில் எது மேல் என்று பார்க்க அது உதவும், வருஷக் கணக்காக மாற்றிக்கொள்ள முடியாது.

தம்பியை இரண்டு கம்பெனிக்கும் தூத்துக்குடியிலேயே சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, போர்டு கையிருப்பில் உண்டா என்று நேரில் போய்க் கேட்கச் சொன்னேன். 4 ஸ்டார்காரர்கள் அலமாரியைத் திறந்தே காட்டினார்களாம். மற்றவர்கள் மதுரையிலிருந்து வரவேண்டும் என்றார்களாம். மே மாசத்தில் போர்டுக்காக மதுரையைப் பார்த்துக் காத்திருக்க எங்களால் ஆகாது. 4 ஸ்டார். முடிவு.

மே 17

ஸ்கேன் ரிப்போர்ட் திங்கள்கிழமைதானாம்.

மே 19

பணம் கட்டியாச்சு. 316 போல்ட்டும் நைலான் வாஷரும் இங்கேயே செவ்வாய்ப்பேட்டையில் வாங்கி பார்சல் போட்டேன். ஒவ்வொரு போல்ட்டையும் அப்பா கையில் வாங்கிப் பார்த்துத்தான் கொடுத்தார்.

நாளை ஃபிட்டிங். தம்பிக்கு எழுதி அனுப்பியது: கேஸ் திறப்பதற்கு முன் குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி வெக்யூம் போட வேண்டும், வீடியோ காலில் எனக்குக் காட்ட வேண்டும். குழாய்களை இணைக்கும் ஃப்ளேர் நட்டை இன்சுலேஷனால் முழுக்க மூட வேண்டும், செம்பு வெளியே தெரியக் கூடாது. அவுட்டோர் அடித்தட்டில் உள்ள ஓட்டைகளை அடைக்கக் கூடாது, தண்ணீர் தேங்கினால் துரு அங்கேதான் தொடங்கும். டிரெயின் பைப் சரிவு.

ரிப்போர்ட் வந்தது. டாக்டர் சரி என்கிறார். வியாழன் விடியற்காலை 4 மணிக்கு வண்டி. நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை வழி. ஆக்சிஜன் சிலிண்டர் இரண்டு. ஸ்டெபிலைசர் இன்னும் வாங்கவில்லை, காலையில் முதல் வேலை