1942: சிவப்பு விமானங்களை விடாதீங்க

ஜப்பான் நிறுவனமான காப்காம் 1984-ல் வெளியிட்ட ஆர்கேட் கேம் (காசு போட்டு ஆடுற வீடியோ கேம்) '1942'. பி-38ங்கிற அமெரிக்கப் போர் விமானத்தை பசிபிக் கடல்ல இருக்கிற மிட்வே தீவிலிருந்து டோக்கியோ வரை ஓட்டணும். மொத்தம் 32 கட்டம்.

இதுல முக்கியம் சிவப்பு விமானங்கள்தான். வரிசையா வளைஞ்சு வரும். அந்த வரிசையில ஒண்ணுகூட மிச்சமில்லாம சுட்டாத்தான் 'பவ்' (POW), அதாவது நம்ம விமானத்துக்குப் பலம் தர்ற பொருள், விழும். ஒண்ணு தப்பிச்சாலும் போச்சு. அதனால பின்னாடி துரத்தாதீங்க. எந்தப் பக்கம் வளையப்போகுதோ அங்க முன்கூட்டியே போய் நின்னு சுடுங்க. பவ் நிறத்துக்கு நிறம் பலன் மாறும். நாலு குண்டு ஒண்ணா பாயும் துப்பாக்கிதான் என் கணக்குல முதலிடம். இரண்டு பக்கமும் ஒட்டிக்கிற துணை விமானங்கள் கிடைச்சா சுடும் அகலம் கூடும், ஆனா அடிபடுற அகலமும் கூடிடும். சந்துல நுழைஞ்சு தப்பிக்கிற பழக்கத்தை அப்போ மறந்துடணும்.

ஸ்கிரீனோட அடியில ஒட்டிக்கிட்டே ஆடுறது பலருக்கு வழக்கம். பெரிய விமானங்கள் கீழிருந்தும் ஏறி வரும், அடியில நின்னா முதுகுல வாங்க வேண்டியதுதான். கொஞ்சம் மேல தள்ளியே இருங்க.

ஒரு பட்டனை அழுத்தினா விமானம் குட்டிக்கரணம் போட்டுத் தப்பிக்கும், ஆனா 3 தடவைதான். அந்த நேரம் குண்டு படாது, ஆனா சுடவும் முடியாது. தோட்டாக்கள் சூழ்ந்த பிறகு அழுத்தாம, வழி அடைபடப்போகுதுன்னு தெரிஞ்ச உடனே அழுத்துங்க. இறங்குற இடம் காலியான்னு பார்த்துக்கணும். மிச்சம் வச்சே உயிரை விடுறவங்கதான் அதிகம்.