கட்டிலை நகர்த்திய பிறகு

பிரசவ அறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருடங்களில் நான் அதிகம் சொன்ன வார்த்தை "படும்மா" என்பதுதான். வலி கண்ட பெண் உள்ளே வருவாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டு, ஒவ்வொரு வலிக்கும் நின்று நின்று வருவாள். நான் கட்டிலைத் தட்டிக் காட்டி "ஏறிப் படும்மா" என்பேன். அவளும் படுத்துக்கொள்வாள். அதற்குப் பிறகு வலி வரும்போதெல்லாம் முதுகை வில்லாக வளைத்துத் துடிப்பாள். இரண்டு நிமிடத்துக்கு முன்பு வரை இதே வலியை நின்றபடியே தாங்கியவள்தானே என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

எங்கள் அறையில் கட்டில் நட்டநடுவில் இருந்தது. தலைமாட்டில் குழந்தையின் இதயத்துடிப்பைப் பதியும் சி.டி.ஜி. மெஷின், பக்கத்தில் ட்ரிப்ஸ் ஸ்டாண்டு, மேலே பெரிய விளக்கு. சாய்ந்துகொள்ள ஒரு மேசை கிடையாது, உட்கார நாற்காலி கிடையாது. அந்த அறைக்குள் நுழைந்தால் படுப்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாது. நான் வாய் திறக்காமல் இருந்திருந்தாலும் அவர்கள் படுத்திருப்பார்கள்.

ஒரு இரவுப் பணி இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது. தலைப்பிரசவம். கர்ப்பப்பை வாய் 6 சென்டிமீட்டர் திறந்து, அதற்கு மேல் நகரவில்லை. குழந்தையின் தலை கீழேதான் இருந்தது. ஆனால் முகம் அம்மாவின் வயிற்றுப் பக்கம் பார்த்திருக்க, பின்தலை அவள் முதுகெலும்பை அழுத்திக்கொண்டிருந்தது. இப்படி இருக்கும்போது வலி பெரும்பாலும் இடுப்பின் பின்பக்கம்தான் அடிக்கும். விட்ட பிறகும் முழுசாக விடாது.

"சிஸ்டர், முதுகு ஒடியுது. கொஞ்சம் எழுந்துக்கட்டுமா?"

"மெஷின் ஓடுதும்மா. பொறுத்துக்க."

வயிற்றில் பெல்ட் கட்டியிருந்தோம். அசைந்தால் காகிதத்தில் ஓடும் கோடு அறுந்துபோகும். அறுந்தால் காலையில் பதில் சொல்ல வேண்டும். அவளுக்கு ரத்த அழுத்தம் சரியாக இருந்தது, பனிக்குட நீர் தெளிவாக இருந்தது, குழந்தையின் துடிப்பும் நன்றாக இருந்தது. விடாமல் பதிய வேண்டிய காரணம் ஒன்றுமில்லை. அரை மணிக்கு ஒருமுறை, தேவைப்பட்டால் கால் மணிக்கு ஒருமுறை டாப்ளரில், அதாவது வயிற்றில் வைத்துத் துடிப்பைக் கேட்கும் சின்னக் கருவியில், கேட்டாலே போதும். அது எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் மூன்று முறை கேட்டாள், மூன்று முறையும் நான் மறுத்தேன். நாலாவது முறை அவள் கேட்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நள்ளிரவுக்கு மேல் எங்கள் மூத்த சிஸ்டர் வந்தார். அவளைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் பெல்ட்டைக் கழற்றினார். "எப்படி இருந்தா உனக்குத் தேவலையா இருக்கும்னு தோணுதோ, அப்படி இரும்மா" என்றார். அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று நாங்கள் சொல்வோம் எனக் காத்திருந்தாள். சிஸ்டர் மறுபடி ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலின் தலைப்பக்கத்தை நேராக உயர்த்திவிட்டு, ஒரு தலையணையை அதன் மேல் போட்டார். அடுத்த வலி வந்தது. அவள் சட்டென்று புரண்டு, மெத்தையில் மண்டி போட்டு, உயர்ந்திருந்த பக்கத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இடுப்பு தானாக ஆட ஆரம்பித்தது.

சிஸ்டர் தன் உள்ளங்கையின் அடிப்பகுதியை அவள் இடுப்புக்குப் பின்னால், அந்த முக்கோண எலும்பின் மேல் வைத்து அழுத்தினார். வலி ஏறும்போது அழுத்தம் ஏறும், இறங்கும்போது கை தளரும். "இன்னும் கீழ" என்றாள் அவள். கை ஒரு விரல் அளவு இறங்கியது. "அங்கதான்." அவள் தோள்கள் காதிலிருந்து இறங்கியதை நான் பார்த்தேன். வலி விட்டதும் சிஸ்டர் தரையில் முட்டி போட்டு, தலையைக் கட்டிலுக்குக் கீழே கொண்டுபோய், தொங்கிக்கொண்டிருந்த வயிற்றில் டாப்ளரை வைத்தார். ஒரு கை கைக்கடிகாரத்தைப் பிடித்திருந்தது, உதடு எண்ணிக்கொண்டிருந்தது. அதுவரை, பெண்ணைப் படுக்க வைக்காமல் துடிப்பைக் கேட்க முடியும் என்று நான் யோசித்ததே இல்லை. நாம் குனிந்தால் போதும் என்பது என் தலையில் ஏறவில்லை.

விடிவதற்குள் குழந்தை திரும்பி, இயல்பாகவே பிறந்தது. மண்டி போட்டதால்தான் திரும்பியது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இப்படி இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை பிரசவத்தின்போது தாமாகவே திரும்பிவிடும். முதுகுவலி தணிந்தது என்பதை மட்டும் நான் கண்ணால் கண்டேன். மறுநாள் வார்டுக்குப் போனபோது அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கோபமில்லாமல்தான் கேட்டாள்: "முதல்லயே விட்டிருக்கலாமே சிஸ்டர்?"

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். நிறைமாதத்தில் கர்ப்பப்பை, குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர் எல்லாம் சேர்ந்து சுமார் 5 கிலோ இருக்கும். மல்லாந்து படுத்தால் அந்த எடை முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெருஞ்சிரையின் மேல் உட்காரும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், பிரஷர் இறங்கும், சிலருக்குக் கண் இருட்டி வியர்த்துக் கொட்டும். கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தம் குறைந்தால் குழந்தையின் துடிப்பும் இறங்கலாம். இதெல்லாம் பரீட்சைக்குப் படித்ததுதான். துடிப்பு இறங்கினால் "இடது பக்கம் திரும்பும்மா" என்று ஓடி வருவோம். அவளை மல்லாத்திப் படுக்க வைத்ததே நாங்கள்தான் என்பதை மட்டும் யாரும் பேச மாட்டோம்.

வால் எலும்பு இன்னொரு விஷயம். தலை வெளியே வரும் நேரத்தில் அது பின்னுக்கு விலகிக் கொடுக்க வேண்டும். மல்லாந்து கிடந்தால் உடம்பின் எடை அதை மெத்தையில் அழுத்திப் பிடிக்கும். மண்டி போட்டாலோ ஒருக்களித்தாலோ அதற்கு அசைய இடம் கிடைக்கும்.

பல மருத்துவ ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டிப் பார்க்கும் கோக்ரேன் அமைப்பு 2013இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 25 ஆய்வுகளை, 5,200க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கியது. வாய் திறக்கும் கட்டத்தில் நிற்பது, நடப்பது, உட்காருவது, மண்டி போடுவது என்று நிமிர்ந்த நிலையில் இருந்தவர்களுக்குப் படுத்திருந்தவர்களைவிட அந்தக் கட்டம் சராசரியாக 1 மணி 22 நிமிடம் குறைந்தது என்று அதில் படித்தேன். வலியில் இருப்பவளுக்கு 1 மணி 22 நிமிடம் எவ்வளவு நீளம் என்பது பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்.

நாங்கள் கட்டிலைச் சுவரோரம் தள்ளினோம். அவ்வளவுதான் முதலில் செய்தது. நடுவில் வெறும் தரை வந்தது. ஒரு பாய், நாலு தலையணை, ஒரு பெரிய பந்து, முதுகில்லாத ஒரு ஸ்டூல் போட்டோம். அடுத்து வந்த பெண் உள்ளே நுழைந்ததும் கட்டிலைத் தேடாமல் ஜன்னலோரம் போய்க் கம்பியைப் பிடித்து நின்றாள். நான் வழக்கம்போல வாயைத் திறந்து, சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மை அப்படி இல்லை. "படும்மா" போய் "எழுந்திரும்மா" வந்தது. படித்த சூட்டில் எல்லோரையும் நடக்க வைத்தேன். ஒரு பெண் இரண்டு இரவாகத் தூங்காமல், விட்டு விட்டு வந்த வலியோடு வந்திருந்தாள். கால் நடுங்க நடுங்க அவளைத் தாழ்வாரத்தில் நடத்தினேன். "நடந்தா சீக்கிரம் ஆகும்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் அவள் நின்ற இடத்திலேயே அழுதாள். "என்னைக் கொஞ்சம் படுக்க விடுங்க சிஸ்டர்."

ஒருக்களித்துப் படுத்தாள். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, வயிற்றுக்கு அண்டைக் கொடுக்க ஒன்று. இரண்டு வலிகளுக்கு நடுவில் கிடைத்த மூன்று நான்கு நிமிடங்களில் வாய் பிளந்து தூங்கினாள். வலி வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தாள், விட்டதும் தூங்கினாள். அந்த நிலையிலேயே, அவசரமில்லாமல், குழந்தை பிறந்தது. அவளை நடக்கவிட்ட நேரமெல்லாம், முன்பு நான் செய்த அதே தவறைத்தான் வேறு வார்த்தையில் செய்துகொண்டிருந்தேன். அவளுக்கு எது இதமாக இருக்கிறது என்று அந்த இரவும் நான் கேட்கவில்லை.

2017இல் பிரிட்டனின் 41 மருத்துவமனைகளில் நடந்த பம்ப்ஸ் ஆய்வின் முடிவு வந்தபோது, இது எனக்கு இன்னும் உறைத்தது. எபிட்யூரல் (வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் ஊசி) போட்டுக்கொண்ட, முதல் குழந்தை பெறும் பெண்களை மட்டும் எடுத்துக்கொண்ட ஆய்வு அது. முக்கும் கட்டத்தில் பக்கவாட்டில் படுத்தவர்களில் 41.1 சதவீதம் பேர் ஆயுதம் (குழந்தையை வெளியே எடுக்கும் கருவி) வைக்காமல் இயல்பாகப் பெற்றார்கள். நிமிர்ந்து இருந்தவர்களில் 35.2 சதவீதம் பேர். நான் நம்பியதற்கு நேர் எதிர். எபிட்யூரல் இல்லாதவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் நிமிர்ந்து பெற்றால் எபிசியாட்டமியும் (பிறப்பு வாயில் போடும் வெட்டு) ஆயுதப் பிரசவமும் குறைகின்றன, ஆனால் ரத்தப்போக்கு அரை லிட்டரைத் தாண்டும் வாய்ப்பு சற்றுக் கூடலாம். அதனால் குத்தவைத்துப் பெறும் பெண்ணை, தலை தெரிய ஆரம்பித்ததும் முன்னால் சாய்ந்து மண்டி போடவோ ஒருக்களிக்கவோ சொல்லிப் பார்ப்பேன். தலை விருட்டென்று வராமல் மெல்ல வர நேரம் கிடைக்கிறது. முக்குவதை நிறுத்தி ஊதச் சொன்னால் இன்னும் நல்லது. பிறந்த பிறகு கீழே எவ்வளவு போகிறது என்பதில் ஒரு கண் எப்போதும் இருக்கும்.

மல்லாந்து படுப்பதையே விரோதியாகப் பார்ப்பதும் தப்பு. குழந்தையின் தலை வந்து தோள் மாட்டிக்கொண்ட நேரங்களில், அம்மாவை மல்லாத்தி, இரண்டு தொடைகளையும் வயிற்றோடு சேர்த்து மடக்கிப் பிடிப்பதுதான் நாங்கள் முதலில் செய்வது. மெக்ராபர்ட்ஸ் முறை என்று பெயர். இடுப்பெலும்பு சற்றே சுழன்று வழி கிடைக்கிறது, பல தோள்கள் அதிலேயே விடுபடுகின்றன. அதில் வராத ஒரு தோள், அம்மாவைக் கை கால்களில் ஊன்றித் திருப்பிய கணத்தில் வழுக்கிக்கொண்டு வந்ததையும் என் கையால் உணர்ந்திருக்கிறேன். கருவி வைத்து எடுக்க நேர்ந்தால், தையல் போட வேண்டியிருந்தால், துடிப்பு சரியில்லை என்றால், படுக்கத்தான் சொல்வோம். அப்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்வேன். காரணம் தெரிந்து படுப்பவளின் உடம்பு அவ்வளவு முரண்டு பிடிப்பதில்லை.

இப்போது மாதப் பரிசோதனைக்கு வரும்போதே இதைப் பேச ஆரம்பித்துவிடுகிறேன். எட்டாம் மாதத்தில், கூட வருபவரையும் உள்ளே கூப்பிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருவது, சுவரில் சாய்வது, மண்டி போடுவது, ஒருக்களிப்பது எல்லாவற்றையும் வலி இல்லாத உடம்போடு செய்து பார்க்கச் சொல்வேன். இடுப்பில் கையை எங்கே வைத்து அழுத்த வேண்டும் என்பதைக் கணவனோ அம்மாவோ அக்காவோ அன்றே பழகிக்கொள்ளட்டும். மண்டி போட்டால் முட்டி வலிக்கும், கீழே மடித்த போர்வை வேண்டும். ஒரே நிலையில் வெகுநேரம் இருக்க வேண்டியதில்லை, அரை மணிக்கு ஒருமுறை மாற்றிப் பார்க்கலாம். எபிட்யூரல் போட்டுக் கால் கனத்துப் போனவர்களை நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து பக்கம் மாற்றிவிடுவோம். எந்த நிலை பிடிக்கும் என்று அப்போது சொல்லும் பதிலை நான் எழுதி வைத்துக்கொள்வதில்லை. வலி வந்த பிறகு அது பெரும்பாலும் மாறிவிடும்.

உடன் வேலை செய்பவர்களின் முணுமுணுப்பையும் நான் மறைக்கவில்லை. தரையில் முட்டி போட்டுப் பிரசவம் பார்ப்பது நமக்குக் கஷ்டம்தான். கழுத்து பிடித்துக்கொள்ளும், வெளிச்சம் போதாது, கை பழகிய திசை தலைகீழாகிவிடும். கைகால் ஊன்றியிருக்கும் பெண்ணிடம் குழந்தையை வாங்கும்போது முதல் பத்து முறை எனக்கே திசை குழம்பியது. ஆனால் அது பழகிக்கொள்ள வேண்டிய நம் சிரமம். அதற்காக அவள் முதுகு ஒடிய வேண்டியதில்லை என்று சின்னப் பெண்களிடம் சொல்வேன். அவர்களும் இப்போது என்னைவிட நன்றாகக் குனிகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டுதலிலேயே, பெண் விரும்பும் நிலையில் பெற்றுக்கொள்ள ஊக்கப்படுத்துங்கள் என்று சொல்லிவிட்டது. 2020இல் அவர்கள் கொண்டுவந்த பிரசவப் பராமரிப்பு அட்டவணையில் பெண் இருக்கும் நிலைக்கு (படுத்திருக்கிறாளா, நிமிர்ந்திருக்கிறாளா) என்றே தனி வரிசை இருக்கிறது. துடிப்பு, பிரஷர், வாய் திறப்பு போல, அவள் எப்படி இருக்கிறாள் என்பதையும் குறிக்க வேண்டும். மல்லாந்து படுத்திருந்தால் அதைச் சுற்றி வட்டம் போட வேண்டும், கவனிக்க வேண்டிய அறிகுறி என்று.

முதன்முதலாக அந்த வரிசையை நிரப்பியபோது பேனா கொஞ்சம் நின்றது. "முதல்லயே விட்டிருக்கலாமே" என்று கேட்டவளின் கோப்பு எங்கோ பழைய கட்டுகளுக்குள் இருக்கும். அதில் நான் பத்திரமாக மடித்து வைத்த நீளமான காகிதம் இருக்கும். மூத்த சிஸ்டர் பெல்ட்டைக் கழற்றும் வரை, அதில் கோடு ஓர் இடத்தில்கூட அறுந்திருக்காது.