ட்ரான் (1982): கணினிப் படத்துக்குள் இருக்கும் கைவேலை

பழைய அறிவியல் புனைகதைப் படங்களுக்கு நாம் வழக்கமாக ஒரு சலுகை தருகிறோம். அந்தக் காலத்துக்கு இதுவே பெரிய காரியம் என்று சொல்லிக்கொண்டே, கண்ணுக்குத் தெரியும் ஒட்டுவேலையைப் பொறுத்துக்கொள்கிறோம். ஸ்டீவன் லிஸ்பெர்கர் இயக்கி, 1982 ஜூலையில் டிஸ்னி வெளியிட்ட 'ட்ரான்' படத்தை அண்மையில் முழுதாக மறுபடி பார்த்தபோது, அந்தச் சலுகை அதன் கதைக்கு மட்டுமே தேவைப்படுகிறது என்று தோன்றியது. காட்சிகள் எந்தச் சலுகையும் கேட்காமல் நிற்கின்றன. கணினி வரைகலையின் முன்னோடி என்று எல்லாப் பட்டியல்களிலும் இடம்பெறும் இந்தப் படத்தில் இன்றைக்கும் உறுதியாக நிற்பது கணினி வரைந்த பகுதியை விட, மனிதர்கள் கையால் செய்த பகுதிதான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தான் எழுதிய வீடியோ கேம்களைத் திருடித் தன்னுடையவை என்று காட்டி மேலே வந்துவிட்ட டில்லிஞ்சருக்கு எதிராக ஆதாரம் தேடி, கெவின் ஃப்ளின் (ஜெஃப் பிரிட்ஜஸ்) தன் பழைய நிறுவனமான என்காமின் கணினியைக் குடைகிறான். அந்தக் கணினியை ஆளும் எம்.சி.பி. என்ற தலைமை நிரல் அவனை லேசர் கதிரால் சுட்டு உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே நிரல்கள் மனித உருவில், தங்களை எழுதியவர்களின் முகத்தோடு நடமாடுகின்றன. பயனர் என்றொருவர் மேலே இருக்கிறார் என்று நம்பும் நிரல்கள் அந்த நம்பிக்கைக்காகவே தண்டிக்கப்படுகின்றன.

96 நிமிடப் படத்தில் முழுக்க முழுக்கக் கணினியால் உருவாக்கப்பட்ட காட்சிகள் 15 முதல் 20 நிமிடங்களுக்குத்தான் வரும். அதற்கே நான்கு நிறுவனங்கள் தேவைப்பட்டன. கணினி உலகத்துப் பந்தயத்தில் ஓடும் ஒளி பைக்குகளை உருவாக்கிய மேஜி நிறுவனத்தின் முறை கோளம், உருளை, பெட்டி போன்ற அடிப்படை வடிவங்களைக் கூட்டியும் கழித்தும் பொருள்களைக் கட்டுவது. சூரியப் பாய்மரக் கப்பலையும், எம்.சி.பி.யின் தளபதியான சார்க்கின் போர்க்கப்பலையும் செய்த ட்ரிபிள்-ஐ நிறுவனமோ பலகோணங்களை அடுக்கி வடிவம் தந்தது. இன்று அனிமேட்டர் சுட்டியால் இழுத்துச் செய்யும் அசைவை அன்று எண்களாக எழுதித் தர வேண்டியிருந்தது. ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதற்கு மூன்று எண்கள், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதற்கு மூன்று எண்கள் என ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஆறு எண்கள் வேண்டும். நொடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில், நான்கு நொடி அசைவுக்கு ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் 576 எண்கள்.

இவ்வளவு இறுக்கமான முறைக்குள் வேலை செய்தவர்கள் அந்த இறுக்கத்தையே வடிவமைப்பாக மாற்றிக்கொண்டார்கள் என்பதுதான் படத்தைக் காப்பாற்றியிருக்கிறது. வடிவமைப்பாளர் ஸிட் மீட் முதலில் வரைந்த பைக்கில் ஓட்டுபவரின் உடல் வெளியே தெரிந்தது. அதைக் கணினியால் வரைய முடியாது என்பதால், ஓட்டுபவர் குனிந்ததும் அவரைச் சுற்றி வாகனம் மூடிக்கொள்வதாக மாற்றினார்கள். அந்த மூடிக்கொள்ளும் கணம் இன்று படத்திலேயே அழகான கணங்களில் ஒன்று. தொலைவில் உள்ளவற்றை விவரமாக வரைய இயலாத இடங்களில் எல்லாம் இருட்டை நிரப்பினார்கள். ஆகவே அந்த உலகத்துக்கு எல்லையே இல்லாதது போன்ற ஓர் அச்சம் தானாக வந்து சேர்ந்தது. பைக்குகள் வளைந்து திரும்பாமல் வெட்டியதுபோல் செங்கோணத்தில் திரும்புவது அன்றைய ஆர்கேட் விளையாட்டின் விதி. அந்த விதிப்படிதான் காட்சி ஓடுகிறது என்பதால், இயற்கையாக இல்லையே என்ற புகாருக்கு அங்கே இடமே இல்லை.

கணினி உலகத்துக்குள் நடிகர்கள் தோன்றும் காட்சிகளுக்கு வருவோம். அங்கே கணினிக்கு அநேகமாக வேலையே இல்லை. வெள்ளை உடையில் கறுப்புக் கோடுகள் வரைந்து, மாற்றியமைத்த ஹாக்கி ஹெல்மெட்டுகளை மாட்டி, முழுக்கக் கறுப்பாக்கிய அரங்குகளில் நடிகர்களை நிறுத்தி, 65 மில்லிமீட்டர் கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் எடுத்தார்கள். பிறகு ஒவ்வொரு ஃபிரேமையும் கோடாலித் எனப்படும் பெரிய படத்தாள்களில் பெரிதாக்கினார்கள். முகத்துக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, உடையின் மின்கோடுகளுக்கு ஒன்று எனத் தனித்தனி மறைப்புகள் செய்து, தாளின் பின்னாலிருந்து வண்ண ஒளியைப் பாய்ச்சி, ஒரே ஃபிரேமை மீண்டும் மீண்டும் கேமராவில் பதித்தார்கள். விளம்பரங்களின் எழுத்து மினுமினுப்புக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்த நுட்பம் அது. ஒரு முழுநீளப் படத்தில் பெரும்பகுதிக்கு அதைப் பயன்படுத்துவது ஏறக்குறைய பைத்தியக்காரத்தனம். அந்த வேலையின் பெரும்பங்கை தைவானில் இருந்த ஓர் அனிமேஷன் ஸ்டூடியோவில் நிறையப் பேர் அமர்ந்து கையால் செய்து முடித்தார்கள்.

விளைவை ஒரு நெருக்கக் காட்சியில் நிறுத்திப் பாருங்கள். முகம் சாம்பல் நிறம். தோலில் ஊமைப்படக் காலத்து நடிகர்களிடம் காணும் மெல்லிய மினுக்கம். அதைச் சுற்றி நீலமோ சிவப்போ கோடுகள் உள்ளிருந்தே எரிகின்றன. படச்சுருளின் மணித்தன்மை, அதாவது அதன் நுண்ணிய புள்ளிகள், ஒளியில் கலந்திருப்பதால் அந்த நிறம் ஃபிரேமுக்கு ஃபிரேம் சிறிது துடிக்கிறது. இந்தத் துடிப்புக்குப் பின்னால் வேடிக்கையான ஒரு காரணமும் உண்டு. படத்தாள்களின் ஒளியுணர்திறன் பெட்டிக்குப் பெட்டி சற்று வேறுபட்டது. அவற்றை வரிசை மாற்றிப் பயன்படுத்தியதால் சில காட்சிகளில் ஒளி கூடிக் குறைந்தது. திரும்ப எடுக்க முடியாத நிலையில், லிஸ்பெர்கர் அந்த மினுக்கல்களுக்கு ஒலி சேர்த்து, கணினி உலகமே தடுமாறுகிறது என்பதுபோல ஆக்கிவிட்டார். இன்றைய மென்பொருளில் ஒளிரும் கோடு வேண்டுமென்றால் ஒரு பொத்தானில் கிடைக்கும். ஆனால் அது சீராக, அசையாமல், விளம்பரப் பலகை போல எரியும். இந்தப் படத்தின் ஒளி அப்படி எரிவதில்லை. அதனால்தான் இதைப்போல் தோற்றமளிக்கும் இன்னொரு படத்தை என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

இத்தனை உழைப்புக்குப் பிறகும் அந்த ஆண்டின் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் ட்ரானுக்கு இடம் கிடைக்கவில்லை. கணினியைப் பயன்படுத்துவது ஏமாற்று வேலை என்று அகாடமியினர் நினைத்ததாக லிஸ்பெர்கர் பின்னாளில் கூறியிருக்கிறார். உடைக்கும் ஒலிக்கும் மட்டும் பரிந்துரை கிடைத்தது.

தொய்வு எங்கே என்றால், நடுப்பகுதியில். ஒளி பைக் பந்தயம் முடிந்து ஃப்ளினும் ட்ரான் உள்ளிட்ட இரு நிரல்களும் தப்பிய பின்னர், அடுத்த பெரிய மோதல் வரும்வரை திரைக்கதை நகர மறுக்கிறது. பாய்மரக் கப்பல் ஒளிக்கற்றை மீது மிதந்து செல்வது பார்க்க அழகுதான். ஆனால் அதில் செல்பவர்களுக்குப் பேச எதுவும் இல்லை. ட்ரானுக்கும் யோரி என்ற நிரலுக்கும் இடையில் காதல் என்று நமக்குச் சொல்லப்படுகிறதே தவிர, அதை உணர வாய்ப்பில்லை. டில்லிஞ்சர், சார்க், எம்.சி.பி.யின் குரல் என மூன்றையும் தானே சுமக்கும் டேவிட் வார்னர் இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு என்று ஒன்றே இருந்திருக்காது. வெண்டி கார்லோஸின் இசை மட்டும் எங்கும் தளரவில்லை; மின்னிசைக் கருவிகளோடு லண்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழுவையும் ராயல் ஆல்பர்ட் ஹாலின் ஆர்கனையும் அவர் இணைத்திருக்கும் விதம், மெலிந்த காட்சிகளுக்கும் ஓர் எடையைத் தருகிறது.

எதிர்பாராத இடத்தில் படம் இன்றைக்கும் பொருந்துகிறது. டில்லிஞ்சரின் மேசை முழுவதுமே ஒரு தொடுதிரை. அவர் கண்ணாடிப் பரப்பில் விரலால் தட்டிப் பேசும் காட்சி இன்று சிறிதும் விநோதமாக இல்லை. அந்த மேசையிலிருந்து எம்.சி.பி. அவரை மிரட்டுகிறது. பிற நிறுவனங்களின் நிரல்களை விழுங்கி விழுங்கி வளர்ந்த ஒன்று, தன்னை எழுதியவனுக்கே கட்டளை இடுகிறது. 1982 இல் இது கார்ட்டூன் வில்லத்தனமாகத் தெரிந்திருக்கும். இன்று அந்த உரையாடலை நான் சிரிக்காமல் கேட்டேன்.

மேஜியில் ட்ரானுக்காக வேலை செய்தவர்களில் கென் பெர்லினும் ஒருவர். கணினி வரையும் பரப்புகள் எல்லாம் இயந்திரத்தனமாக வழவழவென்று இருக்கின்றனவே என்ற சலிப்பில்தான் அவர், பளிங்கு, மேகம், புகை போன்றவற்றின் ஒழுங்கற்ற தன்மையைச் சூத்திரத்தால் உருவாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அவர் பெயராலேயே வழங்கும் அந்த முறைக்கு 1997 இல் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. எந்த வழவழப்பு அவரை எரிச்சலூட்டியதோ, அதே வழவழப்புத்தான் இன்று ட்ரானின் அழகு என்று நாங்கள் கொண்டாடுகிறோம். அவருக்கு இது சற்று வினோதமாக இருக்கக்கூடும்.

2010 இல் வந்த 'ட்ரான்: லெகசி'யோடு ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகிறது. அதில் பிரிட்ஜஸின் இளமை முகத்தைக் கணினியால் செய்து க்ளூ என்ற பாத்திரத்துக்குப் பொருத்தினார்கள். மெய்யான முகம் என்று நம்மை நம்பச் சொன்ன அந்த முகம், வெளிவந்தபோதே வாயருகில் இடறியது. இப்போது மெழுகுப் பொம்மை போல இருக்கிறது. முதல் படத்தின் சாம்பல் முகம் எதையும் நம்பச் சொல்லவில்லை, ஆகவே பொய்த்துப்போகவும் இல்லை.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும்: கைப்பேசியில் பார்க்காதீர்கள். இந்தப் படத்தின் பாதி அழகு கறுப்பில் இருக்கிறது; பகல் வெளிச்சத்தில் சிறிய திரையில் அது வெளிறிய சாம்பலாகிவிடும். விளக்கை அணைத்துவிட்டு, தொலைக்காட்சியின் அசைவைச் சீராக்கும் வசதியையும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். அந்த வசதி, நான் மேலே சொன்ன துடிப்பை முழுவதுமாக மழுங்கடித்துவிடும்.