ஈஸ்ட் வாங்காமல் இஞ்சி பீர்

ஈஸ்ட் இஞ்சித் தோலிலேயே இருக்கிறது. கழுவினால் போதும், தோலைச் சீவாதீர்கள்.

400 மி.லி. தண்ணீரில் துருவிய இஞ்சி, சர்க்கரை தலா 2 மேசைக்கரண்டி போட்டுத் துணியால் மூடுங்கள். தினமும் இரண்டிலும் ஒரு மேசைக்கரண்டி சேர்த்துக் கிளறினால் 3–5 நாளில் குமிழி கிளம்பும். கிளம்பவில்லையா? குழாய்த் தண்ணீரின் குளோரினாக இருக்கலாம். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் மறுபடி தொடங்குங்கள். பூசணம் பிடித்தால் மொத்தமும் குப்பைக்குத்தான்.

அடுத்து, 1 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் இஞ்சித் துருவல், 150 கிராம் சர்க்கரை, 10 நிமிடக் கொதி. வடிகட்டி, இன்னொரு லிட்டர் ஆறிய தண்ணீரும் 2 எலுமிச்சைச் சாறும் சேருங்கள். நன்றாக ஆறியபின்தான் முதலில் செய்த நுரைத்த கரைசலில் 100 மி.லி. சேருங்கள், சூட்டில் ஈஸ்ட் செத்துவிடும்.

பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் 4 செ.மீ. இடம்விட்டு நிரப்புங்கள். கண்ணாடி பாட்டில் வெடிக்கும். பாட்டில் அமுங்காமல் விறைத்ததும், 1–2 நாளில், உடனே ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். லேசாக ஆல்கஹால் இருக்கும், குழந்தைகளுக்கு வேண்டாம்.