அப்பத்தாவின் சிவப்பு மருந்தும் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியும்

அப்பத்தாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து காரைக்குடிக்கும் மதுரைக்குமாக அலைந்த மாதங்களில்தான் டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். எம்.எஸ்சி. படிக்கும்போது அதன் அமைப்பை எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன், ஆனால் ஊசிக்குழாயில் அது அப்படிச் செக்கச்செவேல் என்று இருக்கும் என்பது மனதில் பதிந்ததே இல்லை. சிறுநீரும் சிவப்பாகப் போகும் என்று நர்ஸ் முன்பே சொல்லியும் அப்பத்தா பயந்துவிட்டார். முடி கொட்டியது. இதயத்துக்கு ஆகாது என்பதால் அவ்வப்போது எக்கோ எடுத்தார்கள்.

ஒருநாள் முகப்பில் உட்கார்ந்திருந்தபோது கேட்டார்: "ஏம்ப்பா, கட்டி இருக்கிறது ஒரு இடத்துல. மருந்து எதுக்கு உடம்பு பூராவும் சுத்தணும்?"

இந்தக் கேள்விக்குத்தான் பல வேதியியலாளர்கள் வாழ்நாளைக் கொடுத்திருக்கிறார்கள். மருந்தைப் பூட்டி அனுப்பு, கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் திற. பூட்டிய மருந்துக்கு முன்மருந்து என்று பெயர். சரி, திறப்பது யார்? 1980களில் பிரிட்டிஷ் மருத்துவர் பேக்‌ஷா ஒரு வழி சொன்னார். கட்டியைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளில் (ஆன்டிபாடி) ஒரு பாக்டீரியா நொதியை, அதாவது வினையை வேகப்படுத்தும் புரதத்தைக் கட்டி அனுப்புவது. ஆனால் பாக்டீரியாவின் புரதத்தை நம் உடல் அந்நியன் என்று கண்டுகொண்டு எதிர்க்கும். மனித நொதியை அனுப்பலாம் என்றால், அதே நொதி உடலில் வேறு இடங்களிலும் இருக்கும், பூட்டு அங்கேயும் திறந்துவிடும்.

எதிர்ப்பொருளே நொதி வேலையும் செய்தால்? நொதி ஒரு வினையின் மாறுநிலையைத்தான், அதாவது பழைய மூலக்கூறு புதியதாக மாறும் நடுக்கட்டத்தைத்தான், இறுகப் பிடிக்கிறது என்று 1940களிலேயே வேதியியலாளர் பாலிங் சொல்லியிருந்தார். அந்த மாறுநிலையைப் போன்ற மூலக்கூறுக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கினால் அது வினையூக்கியாகும் என்று 1969இல் உயிர்வேதியியலாளர் ஜென்க்ஸ் எழுதினார். 1986இல் லெர்னர் குழுவும் ஷுல்ட்ஸ் குழுவும் தனித்தனியாக அதைச் செய்தே காட்டின.

எனக்கு மிகவும் பிடித்தது 1995இல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வகத்திலிருந்து வந்த 38சி2 என்ற எதிர்ப்பொருள். மூலக்கூறைப் பிடிக்கும் அதன் குழிக்குள் லைசின் என்ற அமினோ அமிலம் ஒன்று இருக்கிறது. சாதாரண லைசினின் பிகேஏ (புரோட்டானை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் என்பதன் அளவு) 10ஐ ஒட்டி இருக்கும், அதாவது உடலில் அது புரோட்டானைப் பிடித்துக்கொண்டு சும்மா கிடக்கும். இந்தக் குழியில் நீரை அண்டவிடாத சூழல் இருப்பதால் பிகேஏ 6 அளவுக்கு இறங்கி, வினைபுரியத் தயாராக நிற்கிறது. டாக்ஸோரூபிசினின் சர்க்கரைப் பகுதியில் இருக்கும் அமீனில் (நைட்ரஜன் உள்ள தொகுதி) ஒரு பூட்டைப் போட்டார்கள். அது திறக்க முதலில் ரெட்ரோ ஆல்டால், அடுத்து ரெட்ரோ மைக்கேல் என்று பிணைப்பை உடைக்கும் இரண்டு வினைகள் அடுத்தடுத்து நடக்கவேண்டும். இந்த வேலையைச் செய்யும் நொதி எதுவும் நம் உடலில் இருப்பதாகத் தெரியவில்லை, அதனால் வழியில் யாரும் திறக்க முடியாது.

எங்கள் வீட்டில் ஐயா காலத்து இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. பார்த்தால் சாவித்துளையே தெரியாது. ஒரு பூக்குமிழைப் பக்கவாட்டில் தள்ளினால்தான் துளை வரும், அப்புறம்தான் சாவி. அந்தப் பெட்டியைக் காட்டித்தான் அப்பத்தாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். 2001இல் எட்டோபோசைட் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தை இதே மாதிரி பூட்டி, நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புசார் புற்றுநோய்க் கட்டி வைத்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததையும் சொன்னேன். கட்டிக்குள் 38சி2வைச் செலுத்தி முன்மருந்தையும் கொடுத்தபோது கட்டியின் வளர்ச்சி நன்றாகவே குறைந்தது.

ஆனால் மனிதர்களுக்கான மருந்தாக இது இன்னும் வரவில்லை. இயற்கை நொதிகளோடு ஒப்பிட்டால் இந்த எதிர்ப்பொருள்கள் மிக மெதுவாக வேலை செய்கின்றன, அதுதான் பெரிய தடை. அந்த வேகத்தைக் கூட்டும் வேலையில்தான் எனக்கு ஆசை, முனைவர் பட்டத்துக்கு அதையே எடுக்கப்போகிறேன்.

அப்பத்தா குமிழைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே, "அந்தத் தொறக்கிற ஆளு கட்டிக்குப் போகாம ரத்தத்துலயே சுத்திக்கிட்டிருந்தா?" என்றார். அப்படி இருந்தால் பூட்டு ரத்தத்திலேயே திறந்துவிடும். அதனால் எதிர்ப்பொருளை முதலில் செலுத்தி, கட்டியில் ஒட்டாமல் ரத்தத்தில் மிச்சமாகச் சுற்றுவது வடியும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் முன்மருந்தைக் கொடுக்கவேண்டும்.