கதாபாத்திரம் வருவதற்கு முன்

அனிமேஷன் படம் தொடங்கும்போது யாராவது வாயைத் திறந்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அண்ணன் மகளுக்கு இது தெரியும். மும்பை செம்பூரில் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் டைட்டில் முடியும்வரை நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தைக்கூடப் பிரிக்க மாட்டாள். "அத்தை, கதையே இன்னும் ஆரம்பிக்கவில்லையே, அதற்குள் அப்படி என்ன பார்க்கிறீர்கள்?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள்.

கதை ஆரம்பிக்கவில்லை என்பதால்தான் பார்க்கிறேன். கதாபாத்திரம் வந்துவிட்டால் கண் அதன் பின்னாலேயே ஓடிவிடும். அது வரும்வரை திரையில் இருப்பது மரம், கூரை, வானம், வெளிச்சம். அந்த இரண்டு மூன்று நிமிடங்கள் பின்னணி ஓவியருடைய ராஜ்ஜியம். எனக்குப் பிடித்த தொடக்கக் காட்சிகளை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலானவை அவர் கைவரிசையைக் காட்டிய இடங்களாகவே இருக்கின்றன.

இதில் எனக்குத் தொழில்முறைப் பொறாமை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் மாஹிமில் விளம்பரப் படங்கள் செய்யும் ஒரு சின்ன அனிமேஷன் கூடத்தில் வண்ணம் பூசும் வேலை பார்த்தேன். ஒளி ஊடுருவும் செல் தாளின் முன்பக்கம் கோடு இருக்கும். நாங்கள் தாளைத் திருப்பிப்போட்டு பின்பக்கம் வண்ணம் நிரப்புவோம். அப்போதுதான் பிரஷ் ஓடிய தடம் முன்னால் தெரியாது. கைரேகை படாமலிருக்க வெள்ளைப் பருத்திக் கையுறை; பிரஷ் பிடிக்கும் விரல்களுக்கு மட்டும் நுனி வெட்டியிருக்கும். ஒன்றின் மேல் ஒன்றாகத் தாள்களை அடுக்கினால் அடியில் இருப்பதன் நிறம் கொஞ்சம் மங்கும் என்பதால், ஒரே சட்டைக்கு மேல்தாளில் ஒரு சிவப்பு, கீழ்த்தாளில் சற்றே தெளிவான இன்னொரு சிவப்பு என்று கலந்து வைத்திருப்போம். ஜூலை மாத மழையில் பூச்சு காயவே காயாது. காய்ந்துவிட்டது என்று நம்பி அடுக்கினால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். படம் முடிந்ததும் அவற்றையே கழுவி அடுத்த விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்வோம். எங்கள் உழைப்பு சாக்கடையில் வண்ண வண்ணமாகப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

நொடிக்கு 24 சட்டகங்கள். ஒரு படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 தாள்கள் வேண்டும். நாங்கள் நாலு பேர் முதுகு ஒடியப் பூசியது ஒரு கண் சிமிட்டலில் போய்விடும். பின்னணி ஓவியர் வரைந்த ஒற்றை ஓவியமோ காட்சி முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்கும். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த மேசையும் அவருக்குத்தான்.

சரி, படங்களுக்கு வருகிறேன்.

1940இல் வந்த 'பினோக்கியோ'விலிருந்து தொடங்குவதுதான் முறை. நட்சத்திரத்தைப் பார்த்து வேண்டிக்கொள்ளும் பாட்டு, புத்தக அலமாரியில் ஒரு சுவர்க்கோழிப் பூச்சி, பிறகு இரவில் உறங்கும் ஊர். கேமரா கூரைகளைத் தாண்டி, விளக்கு எரியும் ஒரே ஒரு சன்னலை நோக்கி இறங்குகிறது. அந்தச் சன்னலுக்கு அருகே போகும்போது காட்சியே துள்ளித் துள்ளி முன்னேறும். பார்ப்பது சுவர்க்கோழியின் கண் அல்லவா? சுவர்க்கோழி குதித்துக் குதித்துத்தானே போகும். இவ்வளவு எளிய நகைச்சுவையை இவ்வளவு செலவு செய்து எடுக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

செலவு ஏன் என்று கேட்டால் அந்த ஆழத்துக்காக. தட்டையான ஓவியத்தை நோக்கிக் கேமராவை நகர்த்தினால் வீடும் பெரிதாகும், மரமும் பெரிதாகும், கூடவே நிலாவும் பெரிதாகும். நிஜத்தில் நாம் வீட்டை நோக்கி எத்தனை அடி நடந்தாலும் நிலா அதே அளவில்தான் இருக்கும். இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் டிஸ்னி கூடத்தில் மல்டிபிளேன் கேமரா என்ற அடுக்குக் கேமராவைக் கட்டினார்கள். வேலி ஒரு கண்ணாடியில், வீடு அதற்குக் கீழே, நிலா எல்லாவற்றுக்கும் அடியில் என்று தனித்தனித் தளங்களில் வைத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வேகத்தில் நகர்த்துவார்கள். 1937இல் 'தி ஓல்ட் மில்' என்ற குறும்படத்தில் சோதித்துப் பார்த்தார்கள். ஆனால் இந்த எண்ணம் அவர்களுக்கு முன்பே லோட்டே ரைனிகர் என்ற ஜெர்மானியப் பெண்ணுக்கு வந்துவிட்டது. 1926இல் நிழலுருவங்களை வைத்து 'இளவரசர் அக்மத்' கதையை எடுத்தபோதே கண்ணாடி அடுக்குகளைப் பயன்படுத்தியிருந்தார்.

எங்கள் கூடத்திலும் ஒருமுறை இதைச் செய்து பார்த்தோம். தேயிலை விளம்பரம்; விளம்பரம் கொடுத்தவருக்கு மலைச்சரிவில் 'ஆழம்' வேண்டுமாம். கேமராக்காரர் நான்கு பெயின்ட் டப்பாக்களின் மேல் ஒரு கண்ணாடியை ஏற்றி, அதில் மங்கலான இலைகளை வரையச் சொன்னார். டியூப்லைட்டும் கேமராவும் அவருடைய மூக்கும் கண்ணாடியில் தெரிந்தன. சுற்றிலும் கறுப்பு வெல்வெட் துணி கட்டினோம். அதற்குப் பிறகு தூசி தெரிந்தது. ஆறு நொடிக் காட்சிக்கு இரவு முழுக்க ஒட்டகமுடித் தூரிகையால் தூசி தட்டிய கை இது. ஆகவே யாராவது 'பாம்பி'யின் தொடக்கத்தைப் பார்த்து "காடுதானே" என்றால் எனக்குப் பொறுக்காது.

மான்குட்டியின் கதையான 'பாம்பி' வந்தது 1942இல். விடியற்காலைக் காடு. கேமரா பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அருகிலிருக்கும் மரங்கள் கருமையாக விரைந்து கடக்கின்றன, நடுவில் இருப்பவை மெல்ல, தூரத்தில் இருப்பவை நகர்கின்றனவா இல்லையா என்றே தெரியாமல். பேச்சு இல்லை. மான் இல்லை. கடைசியில் ஓர் ஆந்தை தூங்குவதற்காகப் பறந்து வரும்போதுதான் முதல் கதாபாத்திரத்தையே பார்க்கிறோம். அதற்குள் அந்தக் காட்டில் நமக்கு வழி தெரிந்துவிடுகிறது.

அந்தக் காட்டின் தோற்றத்துக்குக் காரணமானவர் டைரஸ் வோங். சீனாவில் பிறந்து சிறுவனாக அமெரிக்கா வந்தவர். 1938இல் டிஸ்னியில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது முக்கிய அசைவுகளுக்கு நடுவே வரும் இடைப்படங்களை வரையும் கடைநிலை வேலை. அப்போது காட்டை ஒவ்வோர் இலையாக வரைந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலைக் கூட்டத்தில் மான் தொலைந்துபோனது. வோங் தானாகவே சில ஓவியங்களை வரைந்து காட்டினார். சோங் காலத்துச் சீன நிலக்காட்சி ஓவியங்களின் வழியில், நடுவில் நாலு கிளை தெளிவாக, சுற்றிலும் மூட்டமும் ஈர வண்ணமும். படத்தின் நடையே மாறியது. ஆனால் டைட்டிலில் அவர் பெயர் பின்னணி ஓவியர்களின் வரிசையில் ஒன்றாகத்தான் ஓடுகிறது. டிஸ்னி ஊழியர்களின் 1941 வேலைநிறுத்தத்தில் அவர் கலந்துகொள்ளவில்லை. அது முடிந்த பிறகு வேலையிலிருந்து அவரையும் அனுப்பிவிட்டார்கள். 2016இல், 106ஆம் வயதில் காலமானார். டைட்டில் ஓடும்போது நான் பேச்சை நிறுத்தச் சொல்வது இப்படிப்பட்ட பெயர்களுக்காகவும்தான்.

மும்பைக்காரர்களுக்கு இந்தக் காட்டோடு இன்னோர் உறவும் இருக்கிறது. 'பாம்பி'யில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் 1956இல் இங்கே அரசின் படத் தயாரிப்பு நிறுவனமான ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து கார்ட்டூன் பிரிவில் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். அந்தப் பிரிவிலிருந்து 1957இல் வெளிவந்த படம் எதைப் பற்றியது தெரியுமா? மானைப் பற்றியது! புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் ஒன்றை ஒட்டிய 'தி பேனியன் டியர்'. அவரிடம் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் ராம் மோகன். பிற்காலத்தில் ஜப்பானியர்களோடு சேர்ந்து ராமாயணத்தை முழுநீள அனிமேஷன் படமாக்கியவர். பெடர் சாலையில் அந்த வளாகத்தைப் பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம் நான் தலையைத் திருப்பிப் பார்ப்பேன். பக்கத்து இருக்கைக்காரர்கள் கோயிலோ என்று தேடுவார்கள்.

1961இல் வந்த '101 டால்மேஷன்கள்' பற்றி எனக்கு இரண்டு மனம். கறுப்புப் புள்ளிகள் திரையெங்கும் தெறிக்கும் அந்த டைட்டில் அபாரம். ஆனால் எங்கள் பிழைப்பில் கைவைத்த படம் அது. பென்சில் ஓவியத்தை ஜெராக்ஸ் முறையில் நேராகத் தாளில் பதிக்கும் வழியை டிஸ்னியின் தொழில்நுட்ப நிபுணர் அப் ஐவர்க்ஸ் உருவாக்கிக் கொடுத்தார். கையால் மைக்கோடு இழுத்துக்கொண்டிருந்த பெண்கள் பலருக்கு வேலை இல்லாமல் போனது. படத்தில் மொத்தம் 64,69,952 புள்ளிகள் என்று கூடமே பெருமையாகக் கணக்குச் சொன்னது. நாய் தன் எசமானுக்குப் பெண் தேடி சன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகும் பெண்களையும் அச்சு அசலாக அவர்களைப் போலவே இருக்கும் நாய்களையும் எடைபோடும் காட்சிக்காக எல்லாவற்றையும் மன்னித்துவிடுகிறேன். எங்கள் அத்தைமார்கள் கல்யாண மண்டபத்தில் செய்யாததா?

என் பட்டியலில் முதலிடம் எதற்கு என்று கேட்டால், யோசிக்காமல் 1989இல் வந்த 'கிகி'ஸ் டெலிவரி சர்வீஸ்' என்பேன். ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசகியின் படம். புல்மேட்டில் ஒரு சிறுமி மல்லாந்து படுத்திருக்கிறாள். பக்கத்தில் சிவப்பு டிரான்சிஸ்டர். காற்று வீசுகிறது, புல் முழுவதும் அசைவதில்லை, வெளிச்சம் மட்டும் பட்டை பட்டையாக அதன்மேல் ஓடுகிறது. இதைப் பூசியவர்களின் கையை எனக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும். வானொலியில் வானிலை அறிக்கை: இரவு வானம் தெளிவாக இருக்கும், முழுநிலவு. அவ்வளவுதான், எழுந்து வீட்டுக்கு ஓடுகிறாள். இன்றிரவே கிளம்புகிறாள். பதின்மூன்று வயதானால் சூனியக்காரப் பெண் வீட்டை விட்டுப் போய் வேறோர் ஊரில் தன் காலில் நிற்கவேண்டும் என்பது அவர்கள் குலவழக்கம்.

ஒரு பெட்டிச் சாமானோடு திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி தாதரில் இறங்கியவரின் மகள் நான். ஊரை விட்டுக் கிளம்பும் காட்சிகள் எனக்குப் புதிதல்ல. தமிழ்ப் படங்களில் அதற்கென்றே அழுகையும் புல்லாங்குழலும் தயாராக இருக்கும். இந்தப் படத்தில் அழுகை இல்லை. அப்பா அவளைச் சின்னக் குழந்தையைத் தூக்குவதுபோல் ஒருமுறை தூக்கிச் சுற்றுகிறார். அவருடைய டிரான்சிஸ்டரை அவள் எடுத்துக்கொள்கிறாள். என் மகன் புனேயில் விடுதிக்குப் போனபோது வீட்டிலிருந்த டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போனான். திரும்ப வரவே இல்லை, டேப் ரெக்கார்டர்தான். பிறகு அவள் துடைப்பத்தில் ஏறிப் பறக்கிறாள். சரியாகப் பறக்கத் தெரியாமல் மரங்களில் மோதுகிறாள். உச்சிக் கிளைகளில் கட்டியிருக்கும் மணிகள் ஒவ்வொன்றாகக் குலுங்குகின்றன. இந்த மோதல் புதிதல்ல, இதற்காகவே யாரோ மணி கட்டியிருக்கிறார்கள் என்று ஒரு சொல் இல்லாமல் நமக்குப் புரிந்துவிடுகிறது. மேலே எழும்பியதும் கூடவே வரும் பூனையிடம் வானொலியைப் போடச் சொல்கிறாள், பாட்டு வருகிறது, டைட்டில் ஓடுகிறது.

வண்ணக்காரியாக ஒன்று சொல்லவேண்டும். கறுப்பு உடை, கறுப்புப் பூனை, பின்னால் இரவு வானம். எங்கள் கூடமாக இருந்தால் மூன்றும் ஒட்டிப்போய் மைப்புட்டி கவிழ்ந்ததாகத்தான் தெரிந்திருக்கும். உற்றுப் பாருங்கள், அந்த உடை கறுப்பே இல்லை. கருநீலமும் ஊதாவும் கலந்த ஒன்று. மியாசகியின் ஜிப்லி கூடத்தில் நெடுங்காலம் வண்ணங்களைத் தீர்மானித்தவர் மிச்சியோ யசுதா. 1988இல் வந்த 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' படத்தில் அவர் உருவங்களின் விளிம்புக்குக் கறுப்பு மையை விட்டுவிட்டுப் பழுப்பைக் கொண்டுவந்தார். கறுப்பு எல்லாவற்றையும் பிரித்துக்காட்டும். பழுப்பு அவ்வளவு எளிதில் பிரிக்காது, அதனால் உள்ளே பூசும் ஒவ்வொரு நிறத்தையும் கூடுதல் கவனத்தோடு தேர்ந்தெடுக்கவேண்டும். அந்தப் படத்தின் முதல் வசனத்திலேயே, 1945 செப்டம்பர் 21 இரவு தான் இறந்துபோனதாகப் பையன் சொல்லிவிடுகிறான். கோபே ரயில் நிலையத் தூணில் சாய்ந்து கிடக்கும் அவனுடைய மிட்டாய் டப்பாவைத் துப்புரவுக்காரர் வெளியே எறிகிறார். அந்தத் தொடக்கத்தை வண்ணத்துக்காக மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன். அதற்குமேல் போக இப்போதெல்லாம் மனம் வருவதில்லை.

அண்ணன் மகளின் ஓட்டு 1994இன் 'தி லயன் கிங்'குக்கு. சூரியன் எழும்ப, ஜூலு மொழியில் ஒரு குரல் கிழித்துக்கொண்டு வர, விலங்குகள் கூட்டம் கூட்டமாகக் குட்டியைப் பார்க்கப் புறப்படும் காட்சி. இதை வெட்டாமல் முழுதாகவே முன்னோட்டமாகத் திரையிட்டார்கள். நியாயமான தேர்வுதான். அதில் ஓர் இடம்: கிளையில் எறும்புகள் இலைத்துண்டுகளைச் சுமந்து போகும், திடீரென்று அவை மங்கி, பின்னால் வரிக்குதிரைகள் தெளியும். அப்போது கண்ணாடி அடுக்கு எதுவும் கிடையாது. எல்லாம் கணினியில் பூசிய வண்ணம், ஒரு செல் தாள்கூடக் கிடையாது. தூசி தட்ட ஆளே வேண்டியிருந்திருக்காது.

புத்தகம் திறந்து கதை தொடங்கும் வழக்கத்தை மட்டும் என்னால் தாங்க முடிவதில்லை. 1937இன் 'ஸ்னோ ஒயிட்'டில் ஒருமுறை, சரி. 1959இன் 'ஸ்லீப்பிங் பியூட்டி'யில் கல் பதித்த அட்டையோடு, 1967இன் 'தி ஜங்கிள் புக்'கில் மறுபடியும். பக்கம் புரட்டும் நேரத்தில் இன்னும் ஒரு காட்டைக் காட்டியிருக்கலாம். 1991இல் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' எடுத்தவர்களுக்காவது அது உறைத்தது. சாபத்தின் முன்கதையைத் தேவாலயச் சன்னல்போல வண்ணக்கண்ணாடிச் சித்திரங்களாகச் சொன்னார்கள். அதற்கு முன்னால் காட்டுக்குள் நுழைந்து கோட்டைவரை போகும் ஒரு நீண்ட நகர்வும் உண்டு. அடுத்து அண்ணன் மகளுக்கு அதைப் போட்டுக் காட்டுவதாக இருக்கிறேன். வறுவல் பொட்டலத்தை முன்கூட்டியே பிரித்து வைத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.