வகுப்புத் தோழர் இறந்தால்: வெஸ்ட் பாயின்ட் வகுப்புகள் செய்யும் வேலை

அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் ஒரு வகுப்பு, அதாவது ஒரே வருஷத்தில் பட்டம் பெறுபவர்கள், நாலு வருஷத்தில் கலைவதில்லை. ஆளுக்கொரு ஊரில் இருந்தாலும் வகுப்புக்கு ஒரு தலைவர், செய்தி எழுத ஒருவர், நினைவுக் கட்டுரைகளைக் கவனிக்க ஒருவர் என்று கடைசிவரை இருப்பார்கள். எழுபது வயதைத் தாண்டியவர்களின் வகுப்புகளில் இவர்களுக்குப் பாதி வேலை சாவு வேலைதான். அதில் ஆள் பஞ்சம் வராது. தட்டுப்பாடு ஆவணங்களுக்குத்தான்.

முதலில் கேட்க வேண்டியது டிடி 214. படையிலிருந்து விடுபடும்போது கொடுக்கும் சான்று. எந்தப் படை, என்ன பதவி, என்னென்ன பதக்கம், சேவை நல்லபடியாக முடிந்ததா, எல்லாம் அதில் இருக்கும். கல்லறை இடம், சவப்பெட்டிமேல் போர்த்தும் தேசியக் கொடி, மரியாதை அணிவகுப்பு, பெயர் பொறித்த கல்லறைக் கல் என்று எதைக் கேட்டாலும் இதைத்தான் காட்டச் சொல்வார்கள். வீட்டில் பிரதி இல்லையென்றால் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்துக்கு எஸ்எஃப் 180 படிவம் அனுப்ப வேண்டும். அங்கே 1973 ஜூலை 12-இல் பிடித்த தீயில் 1912 முதல் 1960 வரை படையிலிருந்து விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் போய்விட்டது. ஐம்பதுகளில் பட்டம் பெற்று, சில வருஷத்தில் விலகியவர்களின் குடும்பங்கள் இதில் மாட்டுகின்றன. சம்பளப் பதிவு போன்ற வேறு ஆவணங்களை வைத்துச் சான்று தயாரித்துத் தருவார்கள். அதற்குள் அடக்க நாள் கடந்துவிடும். எனவே பிரதியை உயிரோடு இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். பேங்க் லாக்கரில் வைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒருவர் போய்விட்டால் திங்கள்வரை அது யாருக்கும் பயன்படாது.

அடுத்தது இடம். குடும்பங்கள் பெரிதும் குழம்புவது இங்கேதான். வெஸ்ட் பாயின்ட் கல்லறை (1817 முதல் இருக்கிறது), வாஷிங்டன் அருகே உள்ள ஆர்லிங்டன் தேசியக் கல்லறை இரண்டும் தரைப்படை நிர்வாகத்தில் உள்ளவை. நாடு முழுக்க உள்ள மற்ற தேசியக் கல்லறைகளில் பெரும்பாலானவை வி.ஏ. எனப்படும் முன்னாள் படைவீரர் துறையின் கையில். வி.ஏ. கல்லறைக்குத் தகுதி உண்டா என்று 40-10007 படிவம் போட்டு முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். பதில் கடிதம் வந்ததும் ‘இடம் பிடித்தாயிற்று’ என்று நினைப்பவர்கள் ஏராளம். அது தகுதியைத்தான் சொல்கிறது, குழியை ஒதுக்குவதில்லை. ஆர்லிங்டனில் அந்தக் கடிதத்தை மதிக்கவும் மாட்டார்கள். அங்கே பல மாதம் காத்திருக்க நேரும். உடலை அதுவரை பாதுகாக்க ஃபியூனரல் ஹோம் (இறுதிச் சடங்கு நடத்தித் தரும் நிறுவனம்) வாங்கும் கட்டணத்தைக் கேட்ட பிறகு நிறையப் பேர் தகனத்துக்கு மாறுகிறார்கள்.

வி.ஏ. கல்லறையில் குழி வெட்டுவது, மூடுவது, கல், பராமரிப்பு எல்லாம் இலவசம். மனைவிக்கும் அதே குழியில் இடம் உண்டு, அவர் முந்திப் போனாலும். ஆனால் சவப்பெட்டி, தகனம், வண்டி, ஃபியூனரல் ஹோம் பில் எல்லாம் குடும்பத்தின் தலையில். ‘கவர்ன்மென்ட் பாத்துக்கும்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே திருத்திவிடுவது நல்லது.

தனியார் கல்லறையிலும் அரசுக் கல் கிடைக்கும் (படிவம் 40-1330), நடும் கூலி நம்முடையது. நிமிர்ந்து நிற்கும் பளிங்குக் கல் 42 அங்குல உயரம், 13 அங்குல அகலம், எடை 230 பவுண்டு. பதக்கம் பொறிக்க ஆதாரம் கேட்பார்கள். கல்லில் இடம்பெறும் சமயச் சின்னங்களில் ஓம் குறியும் உண்டு. அந்தப் படையில் நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் இருப்பதால் சொல்லிவைக்கிறேன்.

ராணுவ மரியாதையை ஃபியூனரல் ஹோம் மூலம்தான் கேட்க வேண்டும். 2000-ஆம் ஆண்டிலிருந்து சட்டப்படி குறைந்தது 2 பேர் சீருடையில் வர வேண்டும். அதில் ஒருவராவது இறந்தவரின் படையைச் சேர்ந்தவர். விமானப்படை அகாடமியின் முதல் வகுப்பு வெளிவந்தது 1959-இல்தான். அதுவரை வெஸ்ட் பாயின்ட் பட்டதாரிகளில் கால்பங்கு வரை விமானப்படைக்குப் போனார்கள். வெஸ்ட் பாயின்ட்காரர்தானே என்று தரைப்படையைக் கூப்பிட்டால் தப்பான சீருடை வந்து நிற்கும். அடக்கத்தில் பியூகிள் என்னும் ராணுவ ஊதுகொம்பை ஊதுகிறவர்கள் குறைவு என்பதால், பல இடங்களில் உள்ளே ஒலிக்கருவி வைத்த பியூகிளைத்தான் வாயில் வைத்துப் பிடிப்பார்கள். நிஜமாக ஊத ஆள் வேண்டுமென்றால் வகுப்புத்தான் தேட வேண்டும்.

கொடி ஒருவருக்கு ஒன்றுதான் (படிவம் 27-2008), தொலைந்தால் மறுபடி தர மாட்டார்கள். 5 அடிக்கு 9½ அடி. பெட்டியின் மேல் நீலப் பகுதி தலைமாட்டில், இறந்தவரின் இடது தோள்பக்கம் வரும்படி விரிக்க வேண்டும். குழிக்குள் இறக்கக் கூடாது. மடிக்கும்போது நீளவாக்கில் இரண்டு முறை மடித்து, கோடு உள்ள முனையிலிருந்து முக்கோணமாக ஏற்ற வேண்டும். துணியை இறுக்கிப் பிடிக்காவிட்டால் கடைசிச் செருகலில் சிவப்பு எட்டிப் பார்க்கும். நீலம் மட்டும்தான் தெரிய வேண்டும். இரண்டாம் மனைவியும் மூத்த தாரத்துப் பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் கொடி யார் கைக்கு என்பதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். இன்னொரு கொடியை விலைக்கு வாங்கி வைத்திருப்பது சண்டையை விட மலிவு.

அஸ்தியைத் தபாலில் அனுப்பினால் அமெரிக்க அஞ்சல்துறையின் பிரையாரிட்டி மெயில் எக்ஸ்பிரஸ் ஒன்றுதான் வழி. ஃபெடெக்ஸ், யுபிஎஸ் எடுப்பதில்லை. விமானத்தில் கையோடு கொண்டுபோகிறவர் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ ஆன கலத்தில் வைக்க வேண்டும். எக்ஸ்ரே ஊடுருவாத உலோகக் கலமென்றால் பாதுகாப்புச் சோதனையில் திருப்பி அனுப்புவார்கள். திறந்து பார்க்க மாட்டார்கள்.

அகாடமியில் ஒவ்வொரு வகுப்புக்கும் செய்யும் வகுப்பு மோதிரத்தைப் பற்றிக் குடும்பத்திடம் அவசரமில்லாமல் பேசலாம். மறைந்தவர்களின் மோதிரங்களை உருக்கி, புது வகுப்பின் மோதிரத் தங்கத்தோடு சேர்க்கும் வழக்கம் 2002 வகுப்பிலிருந்து இருக்கிறது. உருக்கியதைத் திருப்பிக் கேட்க முடியாது. பேரன் ஒருவன் ‘தாத்தா மோதிரம் எனக்கு’ என்று பிற்பாடு வருவான். ஒரு வருஷம் பொறுத்துக் கேட்பதே சரி.

நினைவுக் கட்டுரைக்கு அந்தப் பொறுமை ஆகாது. அகாடமியில் அவரோடு ஒரே கம்பெனியில் (மாணவர் படைப்பிரிவில்) இருந்தவர்தான் எழுத வேண்டும். வகுப்புத் தலைவர் எழுதினால் பதவிப் பட்டியலாகிவிடும். அறைத்தோழர் பெயர், எந்தப் பாடத்தில் தத்தளித்தார், முதல் போஸ்டிங் எங்கே, இதையெல்லாம் மனைவிக்கும் ரூம்மேட்டுக்கும் நினைவு இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அச்சுக்குப் போகுமுன் குடும்பம் படித்துச் சம்மதிக்கட்டும். பாதியில் அகாடமியை விட்டுப் போனவர்களையும் விடாதீர்கள். பட்டம் இல்லாததால் வெஸ்ட் பாயின்ட் கல்லறையில் அவர்களுக்கு உரிமை வராது. பிற்பாடு வேறு வழியில் படையில் இருந்திருந்தால் வி.ஏ. கல்லறைக் கதவு திறந்திருக்கலாம். அவர்கள் வீட்டில் டிடி 214 இருக்கிறதா என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.